கோழிகள் இறகு பிடுங்குகின்றனவா? புரதத் தீனி, நொறுக்குத் தீனி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ 5 முதல் 25 கோழிகள் வரை வளர்ப்பவர்களுக்காக எழுதப்பட்ட பக்கம் இது. கோழிகள் ஒன்றையொன்று இறகு பிடுங்கத் தொடங்கினால், "புரதம் பத்தல, கருவாடு போடு" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. புரதம் குறைவது நிஜமான காரணம்தான். ஆனால் பல வீடுகளில் அந்தக் குறையை உண்டாக்குவதே நாம் ஆசையாக அள்ளிப் போடும் அரிசியும் சோறும்தான். அதனால் எதைப் போடலாம் என்பதோடு, எவ்வளவு போடலாம், எந்த நேரத்தில் போடலாம் என்பதையும் இங்கே விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

இறகு பிடுங்குவதற்கும் புரதத்துக்கும் என்ன தொடர்பு?

இறகின் எடையில் 85 முதல் 90 சதவீதம் கெரட்டின் என்ற புரதம். கெரட்டின் உருவாகக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் முக்கியமானது மெத்தியோனின். இதைக் கோழியின் உடம்பு தானாகத் தயாரித்துக்கொள்ளாது, தீனி வழியாகத்தான் வர வேண்டும். அது குறைந்தால் புதிதாக முளைக்கும் இறகு வலுவில்லாமல் எளிதில் ஒடியும். கூடவே, கோழி அந்தச் சத்தைத் தேடி அலையும். பக்கத்தில் நிற்கும் கோழியின் இறகு அதன் கண்ணுக்குத் தீனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கூண்டின் தரையைப் பாருங்கள். ஆரோக்கியமான கோழிகள் இருக்கும் இடத்தில் பஞ்சு போன்ற சின்ன இறகுகள் அங்கங்கே கிடக்கும். கோழிகளின் முதுகு வழுக்கையாகிக்கொண்டிருக்க, தரையில் ஒரு சிற்றிறகுகூட இல்லை என்றால், பிடுங்கிய இறகைத் தின்றுவிடுகின்றன என்று பொருள். பிடுங்கியதை அலகில் கவ்விக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடி, கழுத்தை நீட்டி விழுங்கும் கோழியைப் பத்து நிமிடம் நின்று கவனித்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

இறகு போனால் எல்லாமே பிடுங்கியதுதானா?

இல்லை. எந்த இடத்தில் போயிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

முதுகின் நடுவிலும் தலையின் பின்புறத்திலும் மட்டும் போயிருந்து, இறகுத் தண்டுகள் ஒடிந்து நின்றால் அது சேவல் மிதித்ததால் வந்தது. 10 பெட்டைக்கு 1 சேவல் போதும். 5 பெட்டைக்கு 2 சேவல் இருந்தால் எந்தத் தீனி போட்டாலும் முதுகு தேறாது. நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் இறகில்லை, கோழி அடையில் உட்கார்ந்திருக்கிறது என்றால், முட்டைக்குச் சூடு கொடுக்க அதுவே பிடுங்கிக்கொண்டது. அது இயல்பு. தலை, கழுத்து என்று தொடங்கி உடம்பு முழுக்க உதிர்ந்து, கூடவே முள் முள்ளாகப் புது இறகு முளைத்தால் அது இறகு உதிர்க்கும் பருவம்.

வாலின் அடிப்பகுதி, எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இடம், முதுகின் கீழ்ப்பாகம் இவை வெறுமையாகி, தோல் சிவந்து, ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் மற்றக் கோழிகளின் வேலை. வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பேனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகை விலக்கினால், இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பவை பேன் முட்டைகள். செள்ளாக இருந்தால் பகலில் கோழி மேல் தெரியாது. கூண்டு மரத்தின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில்தான் ரத்தம் குடிக்க வரும். இரவு 9 மணிக்கு மேல் டார்ச் அடித்துக் கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

ஒரு கோழிக்குத் தினம் எவ்வளவு புரதம் தேவை?

வளர்ந்த நாட்டுக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் தின்னும். முட்டையிடும் காலத்தில் அந்தத் தீனியில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். அதாவது 100 கிராம் தின்னும் கோழிக்குத் தினம் 16 முதல் 18 கிராம். 45 கிராம் எடையுள்ள ஒரு நாட்டுக்கோழி முட்டையில் மட்டும் 5 கிராமுக்கு மேல் புரதம் போய்விடுகிறது. மிச்சத்தில்தான் உடம்பும் இறகும் தேற வேண்டும்.

8 வாரம் வரையிலான குஞ்சுகளுக்கு 20 சதவீதம், அதன்பின் முட்டைக்கு வரும் வரை 16 சதவீதம், இறகு உதிர்க்கும்போது 18 முதல் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடையில் முட்டைக்கோழித் தீவனம்தான் வாங்கிப் போடுகிறோம். பிறகும் எப்படிப் புரதம் குறையும்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. பதில் பெரும்பாலும் சமையலறையில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 சதவீதப் புரதமுள்ள தீவனத்தில் 100 கிராம் தின்றால் 17 கிராம் கிடைக்கும். அதில் 30 கிராமைக் குறைத்து, அந்த வயிற்றில் அரிசிக் குருணையை நிரப்பினால், 70 கிராம் தீவனத்தில் 11.9, குருணையில் 2.4, ஆக 14.3 கிராம்தான். குருணையின் அளவு 40 கிராமானால் 13.4 கிராமுக்கு இறங்கிவிடும். முட்டை தினம் வந்துகொண்டே இருக்கும், ஆனால் இறகுக்குப் பங்கு இருக்காது. சில வாரத்தில் வாலடி வெளுக்கத் தொடங்கும்.

மிஞ்சிய சோறு இன்னும் மோசம். அதில் முக்கால்வாசி தண்ணீர், புரதம் 3 சதவீதத்துக்கும் கீழ். காலையில் ஒரு கிண்ணம் பழைய சோறு தின்று இரைப்பை நிரம்பிய கோழி, தீவனத் தட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். சோறு வீணாகக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். கோழிக்குப் போடுவதென்றால் மாலையில், பத்துக் கோழிக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் இது இரண்டு பங்காகும். அக்னி நட்சத்திர நாட்களில் கோழி தின்பதே குறைந்துவிடும். தின்னும் கொஞ்சத்திலும் பாதி அரிசி என்றால் என்ன மிஞ்சும்? அந்த மாதங்களில் தீவனத்தை விடியற்காலை 5 மணிக்கும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள்.

அப்படியானால் நொறுக்குத் தீனியே போடக் கூடாதா?

போடலாம். மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கு என்பதே வரம்பு. ஒரு கோழிக்கு 8 முதல் 10 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி. பத்துக் கோழிக்கு 100 கிராம். முதல் வாரம் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். அளவு கைக்குப் பழகிவிடும்.

நேரம், பிற்பகல் 3 மணிக்கு மேல். அதற்குள் தீவனம் தின்று முடித்திருக்கும். ஒரே தட்டில் வைக்காதீர்கள். வலுத்த கோழி தட்டை மறித்துக்கொள்ளும், சோனிக்கோழிக்கு எதுவும் எட்டாது, சண்டையில் கொத்து விழும். சருகின் மேலோ வைக்கோலின் மேலோ அகலமாக இறைத்துவிட்டால் சீய்த்துச் சீய்த்துப் பொறுக்கும். அரை மணி நேரம் அலகு தரையில் இருக்கும், அடுத்ததன் முதுகில் இருக்காது. நொறுக்குத் தீனியால் கிடைக்கும் பெரிய லாபம் சத்தைவிட இந்த வேலைதான்.

புரதத்துக்காகப் போடுவதென்றால் எதைப் போடுவது?

ஒரு கோழிக்கு எவ்வளவு போட்டால் எவ்வளவு புரதம் சேரும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உப்பில்லாத கருவாட்டுத்தூள் 5 கிராமில் 2 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. மெத்தியோனினும், லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் நிறைந்தது. பிடுங்கல் தொடங்கிவிட்ட கூட்டத்துக்கு முதல் தேர்வு இதுதான். இரண்டு வாரம் தினமும் கொடுத்துவிட்டு, பிறகு வாரம் 2 நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அளவு மீறினால் முட்டையில் மீன் வாடை அடிக்கும்.

கடலைப் புண்ணாக்கு 5 கிராமில் 2 கிராம் புரதம். ஆனால் மெத்தியோனின் குறைவு, அதை மட்டும் நம்பினால் இறகு தேறாது. எள்ளுப் புண்ணாக்கில் மொத்தப் புரதம் சற்றுக் குறைந்தாலும் மெத்தியோனின் கூடுதல். இரண்டையும் கலந்து போடுவதே சரி. செக்கு ஆட்டும் இடத்தில் இரண்டும் கிடைக்கும். கட்டியை உடைத்துத் தூளாக்கி, தண்ணீர் தெளித்துப் பிசிறி, தீவனத்தின் மேல் தூவுங்கள். ஊறவைத்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மறுநாளைக்குப் புளித்துவிடும்.

வேகவைத்த முட்டை பத்துக் கோழிக்கு ஒன்று என்றால் தலைக்கு அரை கிராம் புரதம்தான் வரும். அளவு சின்னதென்றாலும் தரத்தில் அதற்கு இணையில்லை. ஓட்டோடு நசுக்கி, முட்டையின் உருவமே தெரியாதபடி கொடுங்கள். பச்சை முட்டையை உடைத்து ஊற்றினால் முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

பி.எஸ்.எஃப். புழு என்று இப்போது பரவலாக விற்கும் புழு (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு) உலர்ந்த நிலையில் 40 சதவீதம் அளவுக்குப் புரதமும், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பும் கொண்டது. கோழிக்கு 3 முதல் 5 கிராமுக்கு மேல் வேண்டாம், கொழுத்துவிடும்.

முளைகட்டிய பாசிப்பயறு சைவ வீடுகளுக்கு வசதி. தலைக்கு 10 கிராம் போட்டால் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம் சேரும். ஆனால் எல்லாப் பயறிலும் மெத்தியோனின் குறைவு என்பதால் கூடவே எள்ளுப் புண்ணாக்கு இருக்க வேண்டும்.

அசோலா போட்டால் புரதக் குறை தீரும் என்கிறார்களே?

அசோலா என்பது தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணிச் செடி. அதில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்று சொல்வது உலர்த்திய அசோலாவுக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் 93, 94 சதவீதம் தண்ணீர். ஒரு கோழிக்கு 25 கிராம் பச்சையாகப் போட்டால் காய்ந்த எடை ஒன்றரை கிராம், அதில் புரதம் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. இறகு பிடுங்கலை நிறுத்த இது போதாது.

அதற்காக அசோலாவை ஒதுக்க வேண்டாம். வைட்டமின் ஏ-க்கான கரோட்டின், தாதுச் சத்துகள், மஞ்சள் கருவின் நிறம், கோழிக்குக் கொத்தித் தின்னப் பச்சை என்று பல பயன்கள் உண்டு. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் நார்டெப் அமைப்பு பரப்பிய முறை எளிமையானது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்தியில் சில்பாலின் என்ற பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, சலித்த மண் 10 முதல் 15 கிலோ பரப்பி, சாணம் 2 கிலோவும் சூப்பர் பாஸ்பேட் உரம் 30 கிராமும் கரைத்து ஊற்றி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, அரைக் கிலோ அசோலா விட வேண்டும். இரண்டு வாரத்தில் தினம் அரைக் கிலோ அள்ளலாம். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிச் சாண வாடை போன பிறகே கோழிக்கு வையுங்கள். பாத்திக்கு நிழல்வலை இல்லாவிட்டால் கோடையில் சிவந்து போகும்.

கரையான் பிடித்துப் போடும் பழைய முறை இன்றைக்கும் நல்லதா?

குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல இரை சுலபத்தில் கிடைக்காது. வாய் அகன்ற பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு, தென்னை நார் இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் மாலையில் பானையைத் தரையோடு கவிழ்த்து, மேலே ஒரு கல் வையுங்கள். மறுநாள் விடியும்போதே எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும், எறும்பும் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு பானைக் கரையான் 10, 15 குஞ்சுகளுக்குக் காணும்.

வீட்டைச் சுற்றிக் கரையானுக்கு மருந்து அடித்திருந்தால் அந்தப் பக்கத்துக் கரையானைத் தொடாதீர்கள். செத்த விலங்கில் நெளியும் புழுவும் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் நச்சு கோழியின் கழுத்தைத் துவளச் செய்து சாகடித்துவிடும்.

கருவாட்டில் உப்பு இருக்குமே?

இருக்கும். ஆபத்தும் அதில்தான். உப்பு கூடினால் கோழி தண்ணீராகக் குடிக்கும், எச்சம் நீர்த்துப் போகும், அளவு மீறினால் சாகும். உப்புப் போடாமல் வெயிலில் உலர்த்திய நெத்திலி, காரப்பொடி மீன் வகைகளைக் கேட்டு வாங்குங்கள். நாக்கில் ஒரு துணுக்கு வைத்தாலே தெரிந்துவிடும். உப்புக் கருவாடுதான் கிடைத்தது என்றால் 3 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றி, மறுபடி காயவைத்துப் பொடியுங்கள்.

தீவனக் கடையில் விற்கும் மலிவான கருவாட்டுத்தூளில் மணல் கலந்திருக்கக்கூடும். ஒரு கைப்பிடியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டுப் பாருங்கள். அடியில் மணல் விரல் கனத்துக்கு நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறுபக்கம், உப்பே இல்லாமல் போனாலும் கோழி இறகைப் பிடுங்கும். வெறும் தானியத்தில் வளரும் கோழிகளிடம் இதைப் பார்க்கலாம். அங்கே ஒரு கிலோ தீனிக்கு இரண்டரை முதல் 3 கிராம் தூள் உப்புக் கலந்தால் போதும். நன்றாகக் கலக்க வேண்டும், ஒரே இடத்தில் உப்புக்கட்டி நிற்கக் கூடாது.

வீட்டிலேயே தீவனம் கலக்க ஓர் அளவு சொல்ல முடியுமா?

முட்டையிடும் கோழிகளுக்கு 10 கிலோ கலக்க: உடைத்த மக்காச்சோளம் 4.8 கிலோ, கம்பு 1 கிலோ, அரிசித் தவிடு 1.5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 1.2 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு அரைக் கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத்தூள் 800 கிராம், கோழிகளுக்கான தாது உப்புக் கலவை 200 கிராம். இதில் புரதம் 17 சதவீதத்துக்கு மேல் நிற்கும். கிளிஞ்சல் தூளைக் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். முட்டையிடும் கோழி தேவைக்குத் தின்னும், சேவல் தொடாது.

கருவாடு வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதில் 800 கிராம் சோயாப் புண்ணாக்கு, 25 கிராம் உப்பு, 10 கிராம் மெத்தியோனின் தூள் சேர்க்கலாம். மெத்தியோனின் தூள் கால்நடைத் தீவனக் கடையில் கிடைக்கும். 10 கிராமை நேராகக் கொட்டினால் பரவாது. முதலில் ஒரு கைப்பிடித் தவிட்டில் கலந்து, அதை ஒரு கிலோவில் கலந்து, பிறகு மொத்தத்தில் கலக்குங்கள். பச்சைச் சோயா மொச்சையை அரைத்துப் போடாதீர்கள். வறுக்காத சோயாவில் புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள். தவிட்டின் எண்ணெய் சிக்கடிக்கும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு ஈரலைத் தின்றுவிடும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நச்சு போகாது. பச்சை படர்ந்த கட்டியைத் தூரப் போடுவது தவிர வழியில்லை. மழைக்காலத்தில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

புரதம் கூடினால் கெடுதலா?

ஆம். உடம்புக்குத் தேவைப்படாத புரதம் யூரிக் அமிலமாக வெளியேறும். சிறுநீரகத்துக்குச் சுமை கூடும், கோழி தண்ணீர் அதிகம் குடிக்கும், கூளம் ஈரமாகும், அமோனியா வாடை கிளம்பும். காலையில் கூண்டைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால் இரவு முழுக்க அங்கேயே இருந்த கோழிக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த எரிச்சலும் கொத்துவதற்கு ஒரு காரணம்தான். இறகு பிடுங்குகிறது என்று பதறி, கருவாடு, புழு, புண்ணாக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டுபவர்கள் உண்டு. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பொறுங்கள்.

எதைப் போடவே கூடாது?

ஆமணக்கு, புங்கம், வேப்பம் புண்ணாக்குகள் உரத்துக்கு உரியவை. வீட்டில் இருந்தால் கோழிக்கு எட்டாமல் வையுங்கள், ஆமணக்கு உயிரையே எடுத்துவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்குச் சரி, கோழிக்கு ஆகாது. பச்சை மரவள்ளித் தோலிலும் இலையிலும் சயனைடு உண்டு. வேகாத மொச்சை, பீன்ஸ் வேண்டாம். சவுண்டல் இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது, அதை வாடிக்கையாகப் போடக் கூடாது. பூஞ்சை பிடித்த எதுவும், ஊறுகாய், வறுத்த உப்புப் பண்டம், சாக்லேட் இவையும் வேண்டாம்.

தீனி சரியாக இருக்கிறது, ஆனாலும் பிடுங்குகின்றன. என்ன செய்வது?

முதலில் இடத்தை அளந்து பாருங்கள். இரவு அடையும் கூண்டில் ஒரு கோழிக்கு 2 சதுர அடி, பகலில் உலவும் இடத்தில் 8 முதல் 10 சதுர அடி வேண்டும். மாடியில் 40 சதுர அடிக் கூண்டில் 12 கோழியைப் பகலெல்லாம் அடைத்து வைத்தால் மெத்தியோனின் அதைச் சரிசெய்யாது. தீவனத் தட்டின் விளிம்பில் தலைக்கு 4 அங்குலம் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் குறைந்தது இரண்டு, எதிரெதிர் மூலையில்.

அடுத்து வெளிச்சம். கூண்டுக்குள் நேர் வெயில் விழுந்தால் கோணியோ ஓலையோ கட்டி மங்கலாக்குங்கள். முட்டையிடும் பெட்டி இருட்டாக இருக்கட்டும். முட்டையிடும்போது எச்சத்துவாரம் சற்று வெளித்தள்ளிச் சிவப்பாகத் தெரியும். வெளிச்சத்தில் அதைப் பார்த்த மற்றக் கோழி கொத்திவிட்டால் குடலே வெளியே வந்துவிடும். இறகு பிடுங்கலின் மிகக் கொடுமையான முடிவு அது.

மூன்றாவது நார்ச்சத்து. தூள் தீவனத்தைப் பதினைந்து நிமிடத்தில் தின்று முடித்த கோழிக்கு மீதி நாள் முழுக்க அலகுக்கு வேலையில்லை. அகத்தி, முருங்கை, வேலிமசால் கொத்தைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள். கொத்தும்போது ஆடுவதால் திரும்பத் திரும்ப வரும். வாழைத்தண்டை இரண்டாகப் பிளந்து போட்டாலும் மாலை வரை கொத்தும். ஒரு பழைய தொட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் வைத்தால் மண் குளியலும் ஆயிற்று, பேனும் குறையும்.

இனத்தையும் பார்க்க வேண்டும். அசில் போன்ற சண்டைக்கோழி இரத்தம் உள்ளவற்றை மற்றவற்றோடு நெருக்கி அடைத்தால் கொத்து விழத்தான் செய்யும். அது தீனிக் குறை அல்ல.

குஞ்சுகள் 3, 4 வாரத்திலேயே பிடுங்க ஆரம்பித்துவிட்டன. ஏன்?

அந்த வயதில்தான் பஞ்சு போய் இறகு முளைக்கிறது. இறகு முளைக்கும்போது தண்டுக்குள் ரத்தம் ஓடும். நீலம் பாய்ந்த முள் போலத் தெரியும் அதை ஒன்று கொத்திவிட்டால் ரத்தம் கசியும், சிவப்பைப் பார்த்ததும் எல்லாக் குஞ்சும் கூடிவிடும். ஒரே இரவில் இரண்டு மூன்று செத்துப்போவது இப்படித்தான். 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத் தீவனத்தை 8 வாரம் வரை மாற்றாதீர்கள். குருணைக்கு அவசரப்பட வேண்டாம். 4 வாரம் வரை குஞ்சுக்கு அரைச் சதுர அடி, அதற்குமேல் ஒரு சதுர அடி இடம் கொடுங்கள். இரவில் பளிச்சென்ற வெள்ளை பல்பை எடுத்துவிட்டுச் சிவப்பு பல்பு போட்டால் ரத்தம் கண்ணில் படாது. சூடு அதிகமானாலும் கொத்தும். குஞ்சுகள் பல்பை விட்டு விலகி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பை மேலே தூக்கிக் கட்டுங்கள்.

இறகு உதிர்க்கும் காலத்தில் தீனியை மாற்ற வேண்டுமா?

வேண்டும். புரதத் தீனிக்கு மிகப் பொருத்தமான காலம் அதுதான். முட்டை நின்றுவிட்டதே என்று பலர் தீவனத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இது தவறு. முட்டைக்குப் போய்க்கொண்டிருந்த புரதம் இப்போது இறகுக்குப் போகிறது. வழக்கமான தீவனத்தோடு தலைக்கு 5 கிராம் கருவாட்டுத்தூளோ, எள்ளும் கடலையும் சேர்ந்த புண்ணாக்கு 7, 8 கிராமோ, இறகு மூடும் வரை கொடுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இந்த நாட்களில் தேவையில்லாமல் கையால் பிடிக்காதீர்கள். முள்ளிறகை அழுத்தினால் கோழிக்கு வலிக்கும்.

ரத்தம் வந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

அந்தக் கோழியை அந்த நிமிடமே பிரியுங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சாயங்காலத்தில் கோழி இருக்காது. கொதித்து ஆறிய தண்ணீரில் சிட்டிகை உப்புப் போட்டுப் புண்ணைக் கழுவி, மஞ்சள் தூளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ஜென்ஷன் வயலட் என்ற ஊதா நிற மருந்து கிடைத்தால் அது புண்ணைக் காப்பதோடு சிவப்பையும் மறைக்கும். சிவப்பு நிற மருந்து எதுவும் வேண்டாம். பஞ்சாரத்தில் கவிழ்த்து மற்றக் கோழிகளின் கண்ணில் படும்படியே வையுங்கள். முற்றிலும் மறைத்துவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது புதுக்கோழி என்று துரத்தும். புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்தாலோ, எச்சத்துவாரம் வெளித்தள்ளியிருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய்விடுங்கள்.

பிடுங்குகிற கோழியை அறுத்துவிட வேண்டியதுதானா? அலகை வெட்டலாமா?

பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ தான் தொடங்கியிருக்கும். அது யார் என்று கண்டுபிடிக்க, இறகு முழுசாக இருக்கும் கோழியைத் தேடுங்கள். அதை 7 முதல் 10 நாள் தனியே அடைத்து, தீவனமும் பச்சையும் கொடுத்துவிட்டு, மாலை இருட்டும் நேரத்தில் கூட்டத்தில் விடுங்கள். கூட்டத்தில் எது பெரியது என்ற வரிசை மாறிப் போனதால் அதன் அதிகாரம் குறைந்திருக்கும். இரண்டு முறை இப்படிச் செய்தும் மாறவில்லை என்றால், பழக்கம் ஊறிவிட்டது. மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் முன் வேறிடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

வீட்டுக்கோழிக்கு அலகு வெட்டுவது வேண்டாம். அலகு நுனியில் நரம்பு ஓடுகிறது. வெட்டிய கோழி சீய்த்துப் புழு பொறுக்க முடியாமல் தவிக்கும்.

தீனியைச் சரிசெய்துவிட்டோம். எத்தனை நாளில் இறகு வரும்?

வேரோடு பிடுங்கிய இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முள் தெரியும், 6 வாரத்துக்குள் பெரும்பாலும் மூடிவிடும். பாதியில் ஒடிந்த தண்டு நின்றால் அந்த இடத்தில் அடுத்த உதிர்ப்பு வரை புது இறகு வராது, தீனி வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் 3 வாரம் முள்ளிறகு வரும் இடத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை வேப்பெண்ணெய் தொட்டு வையுங்கள். கசப்பு பட்டால் கொத்த வரும் கோழி அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டு போய்விடும். முள் வெடித்து இறகு விரிந்து, தொட்டால் தோல் தெரியாத அளவு மூடிய பிறகு, காயத்துக்காகப் பிரித்து வைத்த கோழியைக் கூட்டத்தோடு விடலாம்.